நிலையான ஐ.பி. முகவரி ஒரு பூட்டல்ல

"எங்கட கடையில எல்லாத்துக்கும் ஸ்டெடிக் ஐ.பி. போட்டிருக்கு. வெளியாள் யாரும் உள்ளுக்கு வர ஏலாது." வர்த்தக சகோதரர்கள் பலர் என்னிடம் இப்படிச் சொல்லியிருக்கின்றார்கள். கெமரா பொருத்தியவரோ, பில் போடும் மென்பொருளைத் தந்தவரோ சொல்லிவிட்டுப் போன வார்த்தையாக அது இருக்கும். நிலையான முகவரி என்றதும் கடைக்கு இரும்புக் கதவு போட்டது போன்ற ஒரு நிம்மதி வந்துவிடுகின்றது. உண்மையில் நிலையான முகவரிக்கும் பாதுகாப்புக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. சரியாகக் கவனிக்கப்படாத கடைகளில் அந்த முகவரிகள்தாம் காவலாளியின் கண்ணில் படாமல் உள்ளே நுழையும் வழியாகவும் இருக்கின்றன.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஸ்டெடிக் ஐ.பி. என்று நமது கடைகளில் இரண்டு வெவ்வேறு விடயங்களைச் சொல்கின்றார்கள். ஒன்று, தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் கட்டணம் செலுத்திப் பெறுவது. அது உங்கள் கடைக்கு வெளியுலகம் அறியும் முகவரி. மற்றையது, கடைக்குள் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் நாமே எழுதிக் கொடுப்பது. 192.168 என்று தொடங்கும் இலக்கங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை உள்வீட்டு முகவரிகள். அவற்றுக்கு யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. நான் இங்கு பேசப்போவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான்.

ஒரு நடுத்தரப் புடைவைக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். காசாளரின் கணினி இரண்டு, பில் அடிக்கும் பிரின்டர் இரண்டு, கணக்கு அறையில் ஒரு சேர்வர், பத்துப் பன்னிரண்டு சி.சி.டி.வி. கெமராக்கள், அவற்றின் பதிவுப் பெட்டி, ஊழியர் வரவைப் பதியும் கைவிரல் அடையாள இயந்திரம், பார்கோட் ஸ்டிக்கர் அடிக்கும் இயந்திரம். இவை எல்லாம் ஒரே வலையமைப்பில் இருக்கின்றன. போதாததற்கு ஊழியர்களின் கையடக்கத் தொலைபேசிகளும் அதே வைஃபையில் தொங்கிக்கொண்டிருக்கும்.

தொலைபேசி ஒன்று வலையமைப்புக்குள் வரும்போது ரவுட்டரிடம் "எனக்கொரு முகவரி தாருங்கள்" என்று கேட்கின்றது. ரவுட்டர் காலியாக உள்ள ஓர் இலக்கத்தைக் குறிப்பிட்ட நேரத்துக்குக் கொடுத்து, யாருக்குக் கொடுத்தேன் என்று பதிந்துகொள்கின்றது. இதைத்தான் டி.எச்.சி.பி. முறை என்பார்கள். ஆனால் பிரின்டருக்கு இன்று ஓர் இலக்கமும் நாளை வேறோர் இலக்கமும் கிடைத்தால் காசாளரின் கணினி அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே பிரின்டர், கெமரா, சேர்வர், கைவிரல் இயந்திரம் ஆகியவற்றுக்குள் முகவரியை நிரந்தரமாக எழுதிவிடுகின்றார்கள். இதில் தவறொன்றுமில்லை.

பிரச்சினை என்னவென்றால், இவ்வாறு எழுதப்பட்ட கருவி ரவுட்டரிடம் எதையும் கேட்பதில்லை. வந்ததும் நேராகத் தன் இடத்தில் போய் அமர்ந்துகொள்கின்றது. ரவுட்டரின் பதிவேட்டில் அதற்குப் பெயரே இராது. ஜும்ஆவில் முன் ஸஃப்பில் வழமையாக ஒரே இடத்தில் அமரும் பெரியவர் ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார். அந்த இடம் அவருக்கென்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒருநாள் அவர் வராவிட்டால் முந்தி வந்தவர் அங்கே அமர்ந்துவிடுவார். நிலையான முகவரியும் அப்படித்தான். பள்ளிவாசலில் அது நல்ல விடயம், கடையில் அப்படியல்ல.

இதனால் வரும் சிறிய தொல்லை முகவரி மோதல். பிரின்டருக்கு 50ஆம் இலக்கத்தை எழுதியவர், ரவுட்டர் தானாக வழங்கும் வரிசையில் இருந்து அந்த இலக்கத்தை ஒதுக்கி வைக்க மறந்திருப்பார். மாதக்கணக்கில் ஒன்றும் நடக்காது. ரமழான் கடைசிப் பத்தில், தராவீஹ் முடிந்து கூட்டம் திரளும் இரவில், வழமையை விட அதிகமான தொலைபேசிகள் வைஃபைக்குள் வந்ததும் வரிசை நீண்டு 50ஆம் இலக்கம் யாரோ ஒருவரின் தொலைபேசிக்குப் போய்விடும். பில் அடிபடாது. காசாளர் பிரின்டரை அணைத்துப் போடுவார், சிறிது நேரம் வேலை செய்யும், மறுபடி நின்றுவிடும். பிரின்டர் பழுதென்று புதிதாக வாங்கி வந்தவர்களையும் கண்டிருக்கின்றேன். இதற்குத் தீர்வு பத்து நிமிட வேலைதான். ரவுட்டர் தானாக வழங்கும் முகவரிகளை 100 முதல் 200 வரை என்று வரையறுத்து, எழுதிக் கொடுப்பவற்றை 10 முதல் 60க்குள் வைத்துக்கொண்டால் இரண்டும் ஒருநாளும் சந்தித்துக்கொள்ளா.

பெரிய தொல்லை வேறு.

கொழும்பில் ஒரு மொத்த விற்பனை நிலையம். பெயர் வேண்டாம். வாடிக்கையாளர்களின் கடன் நிலுவையை மாற்றும் அதிகாரத்தை இரண்டு கணினிகளுக்கு மட்டுமே அவர்களின் மென்பொருள் கொடுத்திருந்தது. ஒன்று முதலாளியுடையது, மற்றையது கணக்காளருடையது. மென்பொருள் அந்த இரண்டையும் எப்படி அடையாளம் கண்டது என்றால், ஐ.பி. முகவரியை வைத்து மட்டும்தான். 11ஆம் இலக்கமும் 12ஆம் இலக்கமும் வந்தால் கதவு திறக்கும். ஒரு வெள்ளிக்கிழமை பகல் 12.40க்கு மூன்று வாடிக்கையாளர்களின் நிலுவை குறைக்கப்பட்டிருந்தது. பதிவேட்டில் இருந்தது கணக்காளரின் முகவரி. அந்தப் பக்கத்தை அச்சிட்டு மேசையில் வைத்திருந்தார் முதலாளி. "தம்பி, இதைவிட என்ன சாட்சி வேணும்?" என்றார்.

"ஹாஜி, இது சாட்சியில்ல. ஒருத்தர் கதவுக்கு வெளியே நின்று சொன்ன பேர் மட்டும்தான்" என்றேன்.

கடைக்குள் ஒரு கணினி மற்றொன்றுடன் பேசும்போது நடப்பது இதுதான். "11ஆம் இலக்கம் யார்?" என்று ஒன்று வலையமைப்பு முழுவதற்கும் குரல் கொடுக்கின்றது. "நான்தான்" என்று யார் பதில் சொன்னாலும் அதை அப்படியே நம்பிவிடுகின்றது. 1982இல் எழுதப்பட்ட ஏ.ஆர்.பி. என்ற விதிமுறை இது. எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்திருந்த சிறிய வலையமைப்புகளின் காலத்தில் பிறந்தது. அடையாளத்தை உறுதிப்படுத்தும் ஏற்பாடு அதில் இல்லை. களஞ்சியசாலைக் கணினியின் முன் இருக்கும் எவரும், முகவரியை மாற்றும் அனுமதி அந்தக் கணினியில் இருக்குமானால், அதை 11 என்று எழுதிவிட முடியும். உண்மையான 11 இயங்கிக்கொண்டிருந்தால் மோதல் எச்சரிக்கை திரையில் வரும். அது அணைக்கப்பட்டிருந்தால் அதுவும் வராது. கணக்காளர் ஜும்ஆவுக்குப் போகும்போது தன் கணினியை அணைத்துவிட்டுப் போவார் என்பது கடையில் எல்லோருக்கும் தெரியும்.

கணக்கு அறையின் கெமராப் பதிவைப் பார்த்தோம். 12.15க்கு அவர் கணினியை அணைத்துவிட்டு எழுந்து செல்கின்றார். அவர் திரும்பி வரும்வரை அந்த நாற்காலியில் வேறு யாரும் அமரவில்லை. கணக்காளரின் மானம் காப்பாற்றப்பட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் செய்தவர் யார் என்பது தெரியவேயில்லை. எந்தக் கேபிள் வழியாக அந்தக் கட்டளை வந்தது என்று சொல்லக்கூடிய சுவிட்ச் பெட்டி அங்கிருக்கவில்லை. ஒரு செய்தி வந்தால் விசாரித்துத் தெளிவு பெற வேண்டுமென்று மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்திருக்கின்றது. விசாரிப்பதற்கு வழியே இல்லாத ஓர் ஏற்பாட்டைக் கடையில் வைத்திருந்தால் ஒரு நிரபராதியின் மீது பழி விழுவதற்கு அதுவே காரணமாகிவிடும். திருட்டினால் வரும் நட்டத்தைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகின்றது.

இனி, என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

கருவிகளுக்கு ஒரு கொப்பி

எதையும் வாங்குவதற்கு முன்னர் ஒரு கொப்பியை எடுங்கள். கடையில் வலையமைப்போடு இணைந்துள்ள ஒவ்வொரு கருவியும் எது, எங்கே இருக்கின்றது, அதன் ஐ.பி. முகவரி என்ன, மெக் முகவரி என்ன, சுவிட்ச் பெட்டியின் எத்தனையாவது போர்ட்டில் செருகப்பட்டுள்ளது, பொருத்தியவர் யார் என்று எழுதுங்கள். மெக் முகவரி என்பது தொழிற்சாலையிலேயே கருவிக்கு இடப்படும் 12 எழுத்து, இலக்கங்கள் கொண்ட அடையாளம். பெரும்பாலும் கருவியின் பின்புறத்திலோ அடியிலோ ஸ்டிக்கரில் இருக்கும். அதன் முதல் ஆறும் தயாரித்த நிறுவனத்தைக் காட்டும். கெமரா என்று எழுதியிருக்கும் இடத்தில் மடிக்கணினி நிறுவனம் ஒன்றின் அடையாளம் தென்பட்டால் போய்ப் பார்க்க வேண்டியதுதான். இந்தக் கொப்பி எழுதி முடிக்கப்படும் கடைகளில் யாருக்கும் தெரியாத ஒரு கருவியாவது வெளிவராமல் இருப்பது அரிது. மாடியில் மறந்துபோன பழைய வைஃபை பெட்டி, முன்னாள் ஊழியர் ஒருவர் போட்டுவிட்டுப் போனது என்று ஏதாவது ஒன்று.

அடுத்தது, எழுதிக் கொடுத்த முகவரிகளைக் குறைப்பது. பிரின்டரையும் கெமராவையும் தானாக முகவரி கேட்கும்படி மாற்றிவிட்டு, "இந்த மெக் முகவரி கேட்டால் எப்போதும் 50ஐயே கொடு" என்று ரவுட்டரில் பதிந்து வைக்கலாம். இதை ஒதுக்கீடு, அதாவது ரிசர்வேஷன் என்பார்கள். காசாளரின் கணினிக்கு முகவரி மாறாது. ஆனால் கருவி ரவுட்டரிடம் கேட்டு, பதிவேட்டில் பெயர் பதிந்தே உள்ளே வருகின்றது. வேறு ரவுட்டர் மாற்ற வேண்டி வந்தால் ஒவ்வொரு கெமராவாக ஏணி வைத்து ஏறித் திருத்தவும் தேவையில்லை. ரவுட்டர், சேர்வர், சுவிட்ச் பெட்டி ஆகிய மூன்றுக்கும் மட்டும் எழுதிய முகவரியே இருக்கட்டும். முகவரி கொடுப்பவர் படுத்துவிட்டாலும் இவை எழுந்து நிற்க வேண்டும்.

கதவில் காவல்

இதுவரை சொன்னது ஒழுங்கு. காவல் என்பது கேபிள் செருகும் இடத்தில் இருக்க வேண்டும். விலை குறைந்த சாதாரண சுவிட்ச் பெட்டியில் எதைச் செருகினாலும் வேலை செய்யும், யாரிடமும் கேள்வி கேட்காது. அதற்குப் பதிலாக மேனேஜ்ட் சுவிட்ச் எனப்படும் நிர்வகிக்கக்கூடிய வகையை வாங்குங்கள். விலை கூடத்தான். ஆனால் அது ஒவ்வொரு போர்ட்டிலும் எந்த மெக் முகவரி இருக்கின்றது என்று சொல்லும். பயன்படாத போர்ட்களை மூடிவிடலாம். "7ஆவது போர்ட்டில் இந்தக் கெமரா மட்டும்" என்று பூட்டிவிடலாம். வேறொன்றைச் செருகினால் அந்தப் போர்ட் செத்துவிடும்.

வெளிச்சுவரில் இருக்கும் கெமராக்களுக்கு இது மிக முக்கியம். வாகனத் தரிப்பிடத்தில் இருக்கும் கெமராவின் கேபிளைக் கழற்றி ஒரு மடிக்கணினியில் செருகினால், பல கடைகளில் நேராகக் கணக்கு சேர்வருக்கே போய்விடலாம். கெமராக்களை வீலேன் என்ற முறையில் தனி வலையமைப்பாகப் பிரித்து, அங்கிருந்து பதிவுப் பெட்டியைத் தவிர வேறெங்கும் போக முடியாமல் செய்துவிட்டால், கேபிளைக் கழற்றியவருக்குக் கிடைப்பது கெமராக்களும் அந்தப் பெட்டியும் மட்டும்தான். கைவிரல் இயந்திரத்தையும் இப்படிப் பிரிப்பது நல்லது.

மைக்ரோடிக் ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. தன் அட்டவணையில் உள்ள ஐ.பி., மெக் சோடிகளுக்கு மட்டும் பதிலளிக்கும்படி அதை அமைக்கலாம். தானாக முகவரி பெறுபவை அட்டவணையில் தாமாகச் சேர்ந்துகொள்ளும்படி செய்து, நிலையான முகவரி உள்ளவற்றை நாம் கையால் எழுதிவிட வேண்டும். அதன்பின் எவராவது தானே ஒரு முகவரியை எழுதிக்கொண்டு வந்தால் ரவுட்டர் அவரைக் கணக்கெடுக்காது. இணையமும் கிடைக்காது, மற்ற வீலேனுக்கும் போக முடியாது. ஆனால் ரவுட்டரைத் தொடாமல் ஒரே சுவிட்ச் பெட்டிக்குள் கணினியும் சேர்வரும் பேசிக்கொள்வதை இது தடுக்காது. மேலே சொன்ன மொத்த விற்பனை நிலையத்தில் நடந்தது அத்தகையதே. ஆகவே இதை மட்டும் நம்பி நின்றுவிடாதீர்கள்.

மெக் முகவரியையும் போலியாக எழுதலாம் என்று கணினி படிக்கும் பிள்ளைகள் யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். சொல்வது உண்மைதான். ஆனால் அதற்கு அந்த முகவரியை அறிந்திருக்க வேண்டும், அதே போர்ட்டுக்கும் போக வேண்டும். கெமராவுக்கு முன்னால் நின்று அதைச் செய்வது அவ்வளவு இலகுவல்ல. கடன் நிலுவை போன்ற விடயங்களில் முகவரி எதையும் நம்பாமல் ஆளுக்கு ஆள் தனிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும்படி மென்பொருளை மாற்றச் சொல்லுங்கள். அந்த முதலாளிக்கும் நான் முதலாவதாகச் சொன்னது அதையே.

பெரிய நிறுவனங்களுக்கு

பல கிளைகள் உள்ள நிறுவனங்கள், தனியார் வைத்தியசாலைகள், சர்வதேசப் பாடசாலைகள் போன்றவற்றுக்கு 802.1எக்ஸ் என்ற முறை இருக்கின்றது. 2001இல் வெளிவந்த தரம் இது. கேபிளைச் செருகியதும் சுவிட்ச் பெட்டி கருவியிடம் அடையாளம் கேட்டு, மத்திய சேர்வர் ஒன்றிடம் விசாரித்துவிட்டுத்தான் கதவைத் திறக்கும். அந்தச் சேர்வருக்கு ஃப்ரீரேடியஸ், முழு ஏற்பாட்டுக்கும் பாக்கெட்ஃபென்ஸ் போன்ற இலவச மென்பொருட்கள் இருக்கின்றன. பதில் சொல்லத் தெரியாத பழைய பிரின்டர்களுக்கும் மலிவான கெமராக்களுக்கும் மெக் முகவரியைப் பார்த்து அனுமதிக்கும் மாற்று வழியொன்றும் உண்டு.

இங்கேதான் நிலையான முகவரிக் கருவிகள் நிபுணர்களையும் அலைக்கழிக்கின்றன. தானாக முகவரி கேட்கும் கருவி கேபிள் செருகியதும் வாய் திறந்து பேசும். அந்தப் பேச்சிலிருந்து சுவிட்ச் பெட்டி அதன் மெக் முகவரியை அறிந்துகொள்ளும். நிலையான முகவரியுள்ள பிரின்டரோ யாராவது கூப்பிடும்வரை மௌனமாக இருந்துவிடும். சிறிது நேரம் சத்தமில்லாததால் சுவிட்ச் பெட்டி அதை வெளியேற்றிக் கதவை மூடிவிடுகின்றது. கதவு மூடியிருப்பதால் காசாளரின் கணினி கூப்பிடுவது பிரின்டருக்குக் கேட்பதில்லை. கேட்காததால் அது பேசுவதில்லை. இப்படியே இரண்டும் காத்துக்கிடக்கும். இத்தகைய போர்ட்களில் சும்மா இருப்பவரை வெளியேற்றும் நேரக் கணக்கை நிறுத்திவிட வேண்டும், அல்லது உள்ளிருந்து கருவியை நோக்கிப் போகும் பேச்சை மட்டும் முன்கூட்டியே அனுமதிக்க வேண்டும்.

இன்னொன்று, சந்தேகத்துக்குரிய கருவியைத் தனி வீலேனுக்கு நகர்த்துவது இத்தகைய ஏற்பாடுகளின் வழக்கம். தானாகக் கேட்கும் கருவி புதிய இடத்தில் புதிய முகவரியைப் பெற்றுக்கொள்ளும். எழுதிய முகவரி உள்ளதோ பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டு புதிய இடத்தில் ஊமையாக நிற்கும். தவறுதலாக நகர்த்தப்பட்டிருந்தால் அதற்குத் தன் நிலையை அறிவிக்கவும் வழியில்லை. எனவே முதல் சில வாரங்களுக்கு எதையும் தடுக்காமல் "யார் யார் வருகின்றார்கள்" என்று பதிவு மட்டும் செய்யும் நிலையில் வையுங்கள். அந்தப் பதிவில் ஐ.பி. முகவரி இல்லாமல் மெக் முகவரி மட்டும் தெரியும் கருவிகளில் பெரும்பாலானவை இந்த வகையினவாகவே இருக்கும். கொப்பியில் உள்ளவற்றோடு ஒப்பிட்டு முடித்த பின்னரே தடுக்கத் தொடங்குங்கள். பெருநாளுக்கு முந்திய மாதத்தில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

இணையத்தின் பக்கம்

வீட்டிலிருந்து கெமரா பார்க்க வேண்டுமென்று முதலாளி கேட்டதும், ரவுட்டரில் ஒரு துளை போட்டு அதைக் கெமராப் பெட்டியின் நிலையான முகவரிக்குத் திருப்பிவிடுகின்றார்கள் பலர். அந்தத் துளை முதலாளிக்கு மட்டும் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. 2016இல் மிராய் என்ற தீய மென்பொருள் தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லையே வைத்திருந்த கெமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் ரவுட்டர்களையும் இணையத்தில் தேடித் தேடிப் பிடித்தது. அந்த ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி அவற்றை ஏவி டைன் என்ற அமெரிக்க நிறுவனத்தைத் தாக்கியதில் டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களே பலருக்குக் கிடைக்காமல் போயின. கெமராச் சொந்தக்காரர்கள் பலருக்குத் தமது கருவி அதில் பங்கெடுத்தது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வெளியிலிருந்து பார்க்க வேண்டுமானால் வி.பி.என். வழியாக வாருங்கள். தொழிற்சாலைக் கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகின்றேன். அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி குற்றம். கைவிரல் அடையாளம் போன்ற தரவுகளை, தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கென 2022இல் நிறைவேற்றப்பட்ட 9ஆம் இலக்கச் சட்டம் விசேட வகையாகக் கருதுகின்றது. ஊழியர்களின் விரலடையாளம் நம்மிடம் உள்ள அமானிதம். அது கெமரா கேபிள் வழியாக எட்டக்கூடிய இடத்தில் இருக்கக்கூடாது.

இவ்வளவும் செய்த கடைக்கு வரும் முதல் தொல்லை பெரும்பாலும் கள்ளனால் வருவதில்லை. பழுதான பிரின்டரை மாற்றும் நாளில்தான் வரும். புதிய பிரின்டருக்குப் புதிய மெக் முகவரி. சுவிட்ச் பெட்டி அதை அந்நியன் என்று கதவை மூடிவிடும். பொருத்தியவரின் தொலைபேசியோ அணைந்திருக்கும். அவசரத்தில் யாராவது எல்லாப் பூட்டையும் திறந்துவிடுவார்கள், பிறகு அது திறந்தபடியே கிடக்கும். ஆகவே வேலையைப் பொறுப்பேற்கும்போதே சுவிட்ச் பெட்டியின் கடவுச்சொல்லை உறையிலிட்டு வாங்கிப் பெட்டகத்தில் வையுங்கள். கடையின் நம்பிக்கையான ஊழியர்கள் இருவருக்கு, ஒரு கருவியை நீக்கி மற்றொன்றைச் சேர்ப்பது எப்படி என்பதைப் பொருத்தியவரைக் கொண்டே ஒருமுறை செய்துகாட்டச் செய்யுங்கள். அதே கையோடு கொப்பியில் பழைய வரியை வெட்டிப் புதிய வரியை எழுதிவிடட்டும்.